யிர்ஷி சுஹி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த யிர்ஷி சுஹி?

செக் நாட்டுப் பாடலாசிரியர். பாடுவார், நடிப்பார், நாடகம் எழுதுவார், இயக்குவார், படமும் வரைவார். 1959-ல் பிராக் நகரில் செமாஃபோர் என்ற சின்ன நாடக அரங்கைத் தொடங்கியவர். 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவில் இளைஞர்களாக இருந்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இவர் எழுதிய பாட்டில் ஒன்றிரண்டாவது முழுசாகப் பாடிக் காட்டுவார்கள். நகைச்சுவைக் கலைஞர் என்றுதான் பலரும் அறிமுகம் செய்வார்கள். ஆனால் அவரை முதலில் கவிஞராகவும் அதற்கு அப்புறம் மற்றதாகவும் பார்த்தால்தான் அவர் செய்தது என்ன என்று புரியும்.

எங்கே பிறந்தார், என்ன படித்தார்?

1931 அக்டோபர் 1, பில்சன் நகரம். பீருக்குப் பேர் போன அதே பில்சன்தான். சிறு வயதிலேயே குடும்பம் பிராகுக்கு வந்துவிட்டது. இசைப் பள்ளியிலோ நடிப்புப் பள்ளியிலோ படித்துத் தேறியவர் இல்லை. விளம்பரங்களுக்குப் படம் வரையும் வேலைதான் அவர் கற்ற தொழில். போஸ்டர், எழுத்து வடிவம் என்று நாள் முழுக்க வரைந்துவிட்டு மாலையில் இசைக்குழுவோடு சேர்ந்துகொள்வார். மேடைக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதால் மேடையின் பழைய சட்டங்கள் எதுவும் அவருக்குச் சுமையாக இருக்கவில்லை.

ராக் அண்ட் ரோல் பாடினார் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. பிராகின் நரோத்னி தெருவில் ரெதூத்தா என்று ஒரு நிலவறை அரங்கு உண்டு. 1950களின் பிற்பகுதியில் அங்கே அக்கோர்டு கிளப் என்ற குழு வாசித்தது. சுஹி அதில் டபுள் பேஸ் மீட்டிக்கொண்டே பாடினார். அமெரிக்க ராக் அண்ட் ரோல் மெட்டுகளுக்குச் செக் மொழியில் சொந்தமாக வரி எழுதினார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்டாலின் இறந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வானொலியில் ஒலித்த பாட்டுகளில் பெரும் பங்கு டிராக்டர், தொழிற்சாலை, ஐந்தாண்டுத் திட்டம், ஒளிமயமான எதிர்காலம் ஆகியவற்றைப் பற்றியவை. மேற்கத்திய நடன இசை என்றாலே அதிகாரிகளுக்கு முகம் சுளிக்கும். முழுசாகத் தடுக்கவும் முடியவில்லை, மனசார விடவும் முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் ரெதூத்தா பிழைத்தது.

அங்கேதான் உளவியல் படித்த இவான் விஸ்கோச்சில் அவருக்குப் பழக்கமானார். ஒருவர் கதை வாசிப்பார், அடுத்து ஒரு பாட்டு, நடுவில் கொஞ்சம் அரட்டை, மறுபடி ஒரு கதை. 'டெக்ஸ்ட் அப்பீல்' என்று அதற்குப் பேர் வைத்தார்கள். கதைத் தொடர்ச்சி, வேஷம், திரைச்சீலை எதுவும் தேவைப்படாத இந்த வடிவம்தான் பின்னால் செமாஃபோரின் முதுகெலும்பாயிற்று.

பின்னாளில் நாட்டின் அதிபரான நாடகாசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெல் இருந்த நாடக அரங்கைத் தொடங்கியவரும் இவர்தானா?

தொடங்கியவர்களில் ஒருவர். அந்த அரங்கின் பேர் நா ஸாப்ராட்லி. 1958 டிசம்பரில் விஸ்கோச்சிலும் சுஹியும் சேர்ந்து எழுதிய 'ஆயிரம் கிளாரினெட்டுகள் இருந்தால்' என்ற நாடகத்தோடு திறந்தது. ஹாவெல் அங்கே மேடைத் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்தது 1960-ல். அதற்குள் சுஹி அங்கிருந்து கிளம்பி செமாஃபோரைத் தொடங்கிவிட்டார்.

அந்த முதல் நாடகத்தின் கருவைச் சொல்லியே ஆக வேண்டும்: ராணுவத்தில் துப்பாக்கிகளெல்லாம் திடீரென்று இசைக்கருவிகளாக மாறிவிடுகின்றன. அவ்வளவுதான். 1965-ல் இது திரைப்படமாகவும் வந்தது, சுஹியே சிப்பாயாக நடித்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது எழுதிய இந்தக் கதையில் எந்த நாட்டுக்கும் எதிரான வசனம் கிடையாது. தணிக்கை அதிகாரி எந்த வரியை வெட்டுவார்?

செமாஃபோர் என்ற பேர் எப்படி வந்தது?

'ஏழு சிறு வடிவங்கள்' என்பதன் செக் சொற்களிலிருந்து எழுத்துகளைக் கோத்தது. நாடகம், கவிதை, ஜாஸ், பொம்மலாட்டம், திரைப்படம் என்று பலவும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார். கடைசியில் பாட்டுதான் எல்லாவற்றையும் விழுங்கியது. 1959 அக்டோபர் 30 அன்று வெ ஸ்மெச்காக் தெருவில் இருந்த அரங்கில் 'பரணிலிருந்து வந்த மனிதன்' என்ற நாடகத்தோடு திறப்பு விழா. பிறகு அந்த அரங்கை விட வேண்டி வந்தது. நெடுங்காலம் வாத்ஸ்லாவ் சதுக்கத்தில் ஆல்ஃபா கட்டடத்தில் இருந்தது. பழைய ரசிகர்கள் செமாஃபோர் என்று சொல்லும்போது மனசில் வைத்திருப்பது பெரும்பாலும் அந்த ஆல்ஃபாவைத்தான்.

ஷ்லித்ர் யார்? இருவரையும் எப்போதும் சேர்த்தே சொல்கிறார்களே?

யிர்ஷி ஷ்லித்ர். இவரும் யிர்ஷிதான், அதனால்தான் ரசிகர்கள் இரண்டு பேரையும் குடும்பப் பேரால் அழைத்தார்கள். 1924 பிப்ரவரி 15 அன்று கெர்க்கனோஷெ மலையடிவாரத்தில் ஸாலெஸ்னி லோட்டா என்ற ஊரில் பிறந்தவர். சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர், வழக்கறிஞராக வாழவில்லை. பியானோ வாசித்தார், மெட்டமைத்தார். ஓவியராகவும் மதிக்கப்பட்டார். 1957 வாக்கில் ரெதூத்தாவில் இருவரும் சந்தித்தார்கள். அதிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பாட்டுகள்.

ஷ்லித்ருக்கு மேடையில் பேசி நடிப்பதில் முதலில் விருப்பமில்லை. பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தார். 1962-ல் 'யோனாஷும் டிங்கில்டாங்கிலும்' வந்தபோது அவரையும் இழுத்து முன்னால் உட்கார வைத்தார்கள். டிங்கில்டாங்கில் என்பது மதுவும் மலிவான பாட்டும் கிடைக்கும் பழங்கால அரங்கு. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யோனாஷ் என்ற பாடகராகச் சுஹி பாடுவார், பேசுவார். ஷ்லித்ர் பக்கத்தில் கல் முகத்தோடு உட்கார்ந்திருப்பார். சிரிக்கவே மாட்டார். சபை வயிறு வலிக்கச் சிரிக்கும்போது அவர் மட்டும் வருமான வரி நோட்டீஸ் படிப்பவர் மாதிரி இருப்பார். அந்த முகம்தான் பாதி நகைச்சுவை. இருவர் தலையிலும் கறுப்பு பௌலர் தொப்பி.

அதே 1962-ன் இலையுதிர் காலத்தில்தான் பிராகின் லெட்னா மேட்டில் நின்ற பிரம்மாண்டமான ஸ்டாலின் நினைவுச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் ஊர் எந்த மனநிலையில் இருந்தது என்பது இதிலிருந்தே தெரியும்.

சுஹியின் நகைச்சுவை எந்த வகை?

இது கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய கேள்வி.

முதலாவது, அவர் யாரையும் அடிக்கிற ஆள் இல்லை. குத்தல், நையாண்டி, ஆட்களைப் பேர் சொல்லிக் கிண்டல் செய்வது எல்லாம் மிகக் குறைவு. இன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டேன் என்பதை ஒருவர் உருகி உருகிப் பாடுவார். பூனைக்குட்டிக்கு ஒரு தாலாட்டு உண்டு. கேட்பவர் காதல் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாம் வரியில் எதுகைக்காக ஒரு சம்பந்தமில்லாத பொருள் உள்ளே நுழையும், நான்காம் வரி அந்தப் பொருளைப் படு தீவிரமாக எடுத்துக்கொள்ளும். அபத்தத்தை அபத்தமாகக் காட்டாமல் மரியாதையோடு நடத்துவதுதான் அவருடைய வித்தை.

இரண்டாவது, மெட்டு. ஷ்லித்ரின் மெட்டுகள் வேடிக்கை மெட்டுகள் கிடையாது. பழைய ஜாஸ், ப்ளூஸ், மியூசிக் ஹால் சாயலில் அழகாகவே இருக்கும். வரி சிரிக்க வைக்கும், மெட்டு லேசாகச் சோகமாக இழுக்கும். 'ப்ரமீனெக் வ்லஸூ', 'க்லொக்கொச்சி' போன்ற பாட்டுகளில் சிரிப்புக்கு வேலையே இல்லை, சுத்தமான மென்கவிதை. சுஹியை வெறும் காமெடியன் என்று ஒதுக்குபவர்கள் இந்த இரண்டைக் கேட்டாலே போதும்.

மூன்றாவது, மேடைப் பேச்சு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அவர் பேசுவது ஒத்திகை பார்த்ததா, அந்த நேரத்தில் தோன்றியதா என்று சபைக்குத் தெரியாது. தடுமாறுவது போல இருக்கும், ஆனால் தடுமாற்றம் சரியான இடத்தில் போய் விழும். அவருக்கு முந்தைய தலைமுறையில் வொஸ்கொவெட்ஸ், வெரிஹ் என்ற இருவர் திரைக்கு முன்னால் நின்று இப்படிப் பேசியே பிராகைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அந்த வழியில் வந்தவர் சுஹி.

அப்படியானால் வொஸ்கொவெட்ஸ், வெரிஹ் இருவரின் நகல்தானே?

இந்த ஒப்பீட்டைச் செக் விமர்சகர்களே அறுபது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த இருவரின் விடுதலை அரங்கு 1920களின் பிற்பகுதியில் தொடங்கி 1938-ல் மூடப்பட்டது. அதற்கு இசை யரோஸ்லாவ் யெஷெக். அங்கே ஹிட்லரையும் பாசிசத்தையும் நேருக்கு நேராகக் கிண்டல் செய்தார்கள். செமாஃபோர் அந்தப் பாதையில் போகவில்லை. ஒரு எழுத்தாளர், ஒரு ஜாஸ் இசையமைப்பாளர், திரைக்கு முன்னால் உரையாடல் என்ற அமைப்பு மட்டும்தான் பொது. நகல் என்பது அநியாயம், வாரிசு என்றால் சரி.

கரெல் கோட் போன்ற பாடகர்கள் செமாஃபோரிலிருந்து வந்தவர்களா?

ஆமாம். வால்டெமர் மதுஷ்கா, எவா பிலரோவா, ஹனா ஹெகெரோவா, கரெல் கோட், பிறகு நாத்யா உர்பான்கோவா எல்லாரும் செமாஃபோர் மேடையில் பாடியவர்கள். 'தங்க வானம்பாடி' என்ற ரசிகர் வாக்கெடுப்பு விருதை 1962-ல் முதன்முதலில் வாங்கியவர் மதுஷ்கா. அடுத்த ஆண்டு கோட். கோட் பிறகு தன் வாழ்நாளில் 40 முறைக்கு மேல் அந்த விருதை வாங்கினார்.

எல்லாரும் புகழ் வந்ததும் போய்விட்டார்கள் என்று ஒரு குறை உண்டு. போனது உண்மை. சின்ன அரங்கில் கிடைக்கும் சம்பளத்துக்கும் வெளியே காத்திருந்த வாய்ப்புக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம். நட்சத்திரங்கள் கிளம்பியதும் செமாஃபோர் படுத்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். நடந்தது வேறு. பெரிய குரல்கள் இல்லாத மேடையில்தான் சுஹியும் ஷ்லித்ரும் தாங்களே முன்னால் வந்து நின்றார்கள். என்னைக் கேட்டால் அந்த இழப்பு நடந்ததே நல்லது.

சுஹிக்கு நல்ல குரலா?

இல்லை. சாதாரணக் குரல், வீச்சும் குறைவு. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். எழுதியவரே பாடுவதன் பலன் அது.

சினிமாவில் என்ன செய்தார்?

மிலோஷ் ஃபோர்மனிலிருந்து தொடங்கலாம். பின்னால் அமெரிக்கா போய் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை இரண்டு முறை வாங்கியவர். செமாஃபோரில் பாடகர் தேர்வு என்றால் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அதை வைத்து ஃபோர்மன் எடுத்ததுதான் 1963-ல் வந்த 'கொன்குர்ஸ்', அதாவது 'தேர்வு'. சுஹியும் ஷ்லித்ரும் தேர்வாளர்களாகவே உட்கார்ந்திருப்பார்கள். பாட வராத பெண்கள் தைரியமாக மைக் முன்னால் நிற்பதைக் கேமரா விடாமல் பார்க்கும். இன்றைய தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளுக்கு நாற்பது ஆண்டு முன்னால் வந்த படம், அவற்றில் பலவற்றை விடக் கருணை உள்ள படம்.

அடுத்தது 'நல்ல சம்பளத்துக்கு ஒரு உலா' என்ற ஜாஸ் ஓபரா, 1965. விவாகரத்து செய்யவிருக்கும் ஒரு இளம் ஜோடி. லிவர்பூலில் இருக்கும் அத்தையிடமிருந்து தந்தி வருகிறது: பிறக்கப்போகும் குழந்தைக்குப் பத்து லட்சம் எழுதி வைக்கிறேன் என்று. குழந்தையோ இன்னும் இல்லை. விவாகரத்து என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். 1966-ல் ஃபோர்மன் இதைத் தொலைக்காட்சிக்குப் படமாக்கினார். 2007-ல் தன் மகன்களோடு சேர்ந்து பிராக் தேசிய நாடக அரங்கிலேயே மேடையேற்றினார். நிலவறையில் தொடங்கிய ஒருவரின் படைப்பு தேசிய அரங்கின் மேடைக்குப் போக இத்தனை ஆண்டுகள்.

யிர்ஷி மென்ஸெல் இயக்கிய 'ஷாந்தானில் ஒரு குற்றம்', 1968, இருவரும் சேர்ந்து நடித்த இன்னொரு படம்.

அரசியலே பேசவில்லை என்றால் அதிகாரிகள் ஏன் சுஹிக்குத் தொல்லை கொடுத்தார்கள்?

1968-ல் கெடுபிடிகள் தளர்ந்த 'பிராக் வசந்தம்' என்ற சீர்திருத்தக் காலத்தின்போது லுட்விக் வாட்சுலிக் எழுதிய 'இரண்டாயிரம் சொற்கள்' என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் சுஹியும் ஒருவர். ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்த பிறகு அந்தக் கையெழுத்து ஒரு குற்றப் பத்திரிகையாக மாறியது. அடுத்த பல ஆண்டுகள் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அவருக்கு இடமில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது என்பது என் கருத்து. எதிர்ப்புப் பாட்டு பாடுபவரை அதிகாரிகளால் புரிந்துகொள்ள முடியும், எதிரி என்று எழுதி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். பூனைக்குட்டியைப் பற்றிப் பாடி மக்களைச் சந்தோஷமாக வைத்திருப்பவரை எந்தக் கோப்பில் சேர்ப்பது? அரசின் தயவில்லாமலேயே ஒரு கூட்டம் சந்தோஷமாக இருக்கிறது என்பதே அவர்களுக்கு உறுத்தியிருக்கும்.

ஷ்லித்ர் எப்படி இறந்தார்?

1969 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பிராகில் தன் ஓவியக்கூடத்தில் எரிவாயு கசிந்து இறந்தார். விபத்து என்று முடிவு செய்யப்பட்டது. வயது 45. அந்த ஆண்டுதான் 'யோனாஷும் டாக்டர் மத்ராட்ஸெயும்' என்ற நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். ஏதேதோ வதந்திகள் கிளம்பின, அவற்றைத் திரும்பச் சொல்வதில் பயன் ஒன்றுமில்லை.

அப்புறம் செமாஃபோர் என்ன ஆயிற்று?

மூடிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நாட்டில் கெடுபிடி இறுகிய அதே மாதங்களில் பாதி ஆளை இழந்திருந்தார் சுஹி. ஆனால் நிறுத்தவில்லை. செமாஃபோரின் இசைக்குழுத் தலைவர் ஃபெர்டினாண்ட் ஹவ்லீக் மெட்டமைக்க வந்தார்.

1972-ல் 'கிதிட்ஸெ' மேடையேறியது. கரெல் யரோமீர் எர்பென் 1853-ல் வெளியிட்ட கதைப்பாடல் தொகுதி அது, செக் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்வது. நடுப்பகல் பேய், நீருக்குள் வாழும் பூதம், செத்த மாப்பிள்ளை திரும்பி வருவது என்று எல்லாம் திகில் கதைகள். செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கே இவற்றில் நான்கை எடுத்து இசைச் சித்திரங்கள் செய்திருக்கிறார். சுஹி அந்தப் புனிதமான பாடப்புத்தகத்தை எடுத்துப் பாட்டும் கிண்டலுமாக்கினார். மூலத்தை அவமதிக்காமல் அதைச் செய்ததுதான் ஆச்சரியம். அரங்கு நிரம்பி வழிந்தது. தொலைக்காட்சியில் காட்டாத ஒருவருக்கு டிக்கெட் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள்.

அதே அரங்கில் ஷிமெக், கிராஸ்மன் என்ற வேறொரு நகைச்சுவை ஜோடியும் ஏற்கெனவே வளர்ந்திருந்தது. 1971-ல் கிராஸ்மன் இளம் வயதில் நோயில் இறந்துபோனார். இரண்டே ஆண்டில் ஒரே அரங்குக்கு இரண்டு அடி.

யித்கா மொலாவ்ட்சோவா பற்றிச் சொல்லுங்கள்.

1970-ல் செமாஃபோரில் சேர்ந்தார், அப்புறம் போகவே இல்லை. பாட்டு, நடிப்பு, சாக்ஸபோன், பாஞ்ஜோ, கோமாளித்தனம் எல்லாம் ஒரே உடம்பில். மெலிஹரோவா என்ற அம்மணி வேஷத்தில் அவர் வந்து யோனாஷோடு மோதுவது 1980களில் பெரிய வரவேற்பைப் பெற்றது. ஷ்லித்ரின் இடத்தை அவர் நிரப்பினார் என்று எழுதுவார்கள். அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை. அவர் பக்கத்திலேயே புதிதாக ஒரு இடம் போட்டுக்கொண்டார். ஷ்லித்ர் அசையாமல் சிரிக்க வைத்தார், மொலாவ்ட்சோவா ஒரு நொடிகூட அசையாமல் இருக்க மாட்டார். சுஹியும் அதற்கேற்ப மாறினார், பக்கத்தில் நின்று வியக்கும் ஆளாக.

கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த 1989-க்குப் பிறகு?

தடைகள் போயின, வாடகை வந்தது. ஆல்ஃபாவை விட்டு 1990களில் கார்லின் பகுதிக்குப் போனார்கள். 2002 ஆகஸ்டில் வ்ல்தவா ஆறு பெருக்கெடுத்தபோது கார்லின் மூழ்கியது, அரங்கும் போயிற்று. 2005 முதல் தெய்விட்ஸெ பகுதியில் இருக்கிறது. 90 வயதைத் தாண்டிய பிறகும் சுஹி அங்கே மேடை ஏறினார். அவரைப் பற்றி இயக்குநர் ஒல்கா ஸொம்மெரோவா எடுத்த ஆவணப்படம் 2019-ல் வந்தது.

சுஹி மேடையில் அணியும் வைக்கோல் தொப்பி எதற்கு?

பழைய மியூசிக் ஹால் பாடகர்களின் தொப்பி. பௌலர் தொப்பி ஷ்லித்ரோடு இருந்த காலத்துக்குரியது, அப்புறம் வைக்கோல் தொப்பியே அடையாளமாகிவிட்டது.

புத்தகங்கள் எழுதியிருக்கிறாரா?

கவிதை, கதை, நினைவுகள், நாடகப் பிரதிகள் என்று குவியலாக. எல்லாவற்றையும் 'யிர்ஷி சுஹி கலைக்களஞ்சியம்' என்ற பேரில் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். ஒரு ஆளுக்குக் கலைக்களஞ்சியமா என்று கேட்கலாம். அவரும் சிரித்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டிருப்பார்.

செக் மொழி தெரியாமல் ரசிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

வரிகளின் விளையாட்டில் பெரும்பகுதி கைக்கு எட்டாது. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. 'கொன்குர்ஸ்' படத்தைத் துணையெழுத்தோடு பாருங்கள், அன்றைய பிராக் இளைஞர்களின் முகங்கள் கிடைக்கும். அடுத்து ஃபோர்மனின் 'நல்ல சம்பளத்துக்கு ஒரு உலா', கதை எளிது, முழுக்கப் பாட்டு. அப்புறம் பழைய கறுப்பு வெள்ளைப் பதிவுகளில் சுஹியும் ஷ்லித்ரும் சேர்ந்து பாடுவது எதையாவது தேடிப் பாருங்கள். சொல் புரியாவிட்டால் பரவாயில்லை, பியானோ பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை மட்டும் பாருங்கள்.

பிராகுக்குப் போகிறவர்கள் தெய்விட்ஸெ அரங்கில் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் இடம் இல்லை அது, எல்லாம் செக் மொழியில்தான் நடக்கும்.